பாய்மரத்தில் கட்டிய சிவப்புத் துணி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் நலமில்லை. நீ நலம் என்பது எனக்குத் தெரியும், உன் சித்தி சொன்னாள். பெற்ற பெண்ணின் நலத்தைத் தங்கை வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டேனே என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டுக்கு எதிரே துறைமுகக் கரையில் இருக்கும் பாய்மரப் படகுக் கிளப்பின் மேல் புதிதாக ஒரு மாடி கட்டப்போகிறார்கள். அது உனக்கு என்னைவிட நன்றாகவே தெரியும், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். உன் சித்தப்பா கிளப் செக்ரட்டரி ஆனதிலிருந்து சித்திக்குத் தலைகால் புரியவில்லை. மாடியில் பெரிய ஹாலாம், மூன்று பக்கமும் கண்ணாடியாம், அதில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கடலைப் பார்ப்பாளாம். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டே சும்மா பார்க்கும் அதே கடலைத்தான். பொய் சொல்வானேன், எனக்கு வயிறு எரிந்தது. சின்ன வயதிலிருந்தே நாங்கள் இப்படித்தான், என் கையில் இருப்பது அவள் கண்ணுக்கு அழகு, அவள் கையில் இருப்பது என் கண்ணுக்கு. அதோடு மாடி வந்தால் நம் சமையலறை ஜன்னல் அடைபட்டுப் போகும் என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வேறு பயமுறுத்தினாள். நீ ஏறிப்போன கப்பல் வெளியே திரும்பியதை அந்த ஜன்னலில் நின்றுதான் பார்த்தேன், இன்றைக்கும் குழாயைத் திறந்தால் கண் முதலில் அங்கேதான் போகிறது. அதனால் கவுன்சிலில் ஆட்சேபணை கொடுத்துவிட்டேன். சொந்தத் தங்கச்சி புருஷன் காரியத்துக்கே குறுக்கே நிக்கிறியா என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன்.

மாடி எவ்வளவு உயரம் வரும் என்று அக்கம்பக்கத்தாருக்குக் காட்டச் சொல்லி கவுன்சிலில் உத்தரவு. உன் சித்தப்பாவைத்தான் தெரியுமே, வீட்டுத் திரைச்சீலைக்குக் கம்பி அடிக்கும்போதுகூட பாய்மரத்தில் பாதி, கால் என்றுதான் கணக்குச் சொல்வார். இதற்கும் தன் படகைக் கொண்டுவந்து கிளப் சுவரை ஒட்டிக் கட்டி, படகின் தளத்திலிருந்து டேப் பிடித்து, பாய்மரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். கவுன்சில் அதிகாரி காலையில் வந்தார், தெருவே கூடி அண்ணாந்து பார்த்தது, இவ்வளவுதானா, இதுக்குப் போயா சண்டை என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கலைந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாயங்காலம் அரிசி களையப் போனால் அந்தச் சிவப்புத் துணி என் ஜன்னலுக்கு நேரே ஆடிக்கொண்டிருக்கிறது! கொஞ்ச நேரத்தில் ஜன்னலையும் தாண்டி மேலே போய்விட்டது. கடல் ஏற ஏறப் படகும் ஏறுகிறது, துணியும் ஏறுகிறது. ஆயுசு முழுக்கத் தண்ணீரில் கிடந்த மனுஷனுக்கு அது தோன்றவில்லை பார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை உன்னிடம் மறைக்க மாட்டேன், அப்பாவுக்கு இன்னொரு டம்ளர் காபி கேட்காமலே கிடைத்தது.

விசாரணை அன்று எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அதிகாரியே சிரித்துவிட்டார், உன் சித்தப்பா முகத்தில் ஈயாடவில்லை. சித்தி விடுவாளா, படக்கென்று எழுந்து, துணி தப்பா இருக்கலாம் பிளான் தப்பில்லக்கா, வரைஞ்சு குடுத்ததே உன் பொண்ணுதான், வாரா வாரம் மணிக்கணக்கா போன்ல பேசிப் பேசி வரைஞ்சா, உனக்குத் தெரியாதா என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மணிக்கணக்காமே. ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசும்போது குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் உனக்கு வேலை வந்துவிடுகிறது. அம்மாவிடம் சொன்னால் சண்டைக்குப் போவாள் என்று நினைத்தாயாக்கும், போயிருப்பேன்தான், அதற்காகச் சொல்லாமல் விடுவதா? பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை, அப்பா என் பங்கையும் சாப்பிட்டார்.

அதிகாரி விசாரணையைத் தள்ளிவைத்துவிட்டுத் தரையில் கம்பம் நட்டுக் காட்டச் சொன்னார். இந்தத் தடவை டேப்பின் ஒரு முனையை நானே பிடித்தேன். உன் பிளான்படியே கம்பம் நட்டு, கூரை போகிற வழிக்குக் கயிறு கட்டினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் கயிறு நம் பக்கம் வரும்போது மட்டும் சரிந்து இறங்குகிறது, அதற்கு மேலே துறைமுக வாசல் முழுசாகத் தெரிகிறது. கூட வந்த சித்தி, கூரையைச் சரிக்க வேணாம்னு கிளப்ல எல்லாரும் சொன்னோம்க்கா, உன் பொண்ணுதான், அம்மா ஜன்னல் மறைஞ்சா நான் வரையவே மாட்டேன்னுட்டா என்றாள். குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டேன். மறு விசாரணையில் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன். வேறு ஏதாவது சொல்லணுமா என்று அதிகாரி கேட்டார். அந்தச் சாய்வுக் கூரை என் பொண்ணோட யோசனை, அதையும் எழுதிக்குங்க என்றேன், சித்தியைப் பார்த்துக்கொண்டே. அனுமதி கிடைத்துவிட்டது.

கோபம் போய்விட்டது, பொறாமை போகவில்லை. சித்தியிடம் பேசு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் என்னிடம் பேசிவிட்டுப் பேசு. இந்த ஊரில் எதற்காவது அளவு வேண்டுமென்றால் என்னைக் கேள். உன் சித்தப்பா படகு போலக் காலையில் ஒரு உயரமும் சாயங்காலம் ஒரு உயரமும் காட்ட மாட்டேன், நீ எப்போது கூப்பிட்டாலும் இதே ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

எந்தக் குறையும் அண்டாமல் நன்றாக இரு, எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை குக்கர் வைக்க மாட்டேன், சாவகாசமாகக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்