தந்தை தரப்பு வாதம்

கோஸ் தீவில் இருக்கும் அப்பா திமோதோரஸ் அவர்களுக்கு, ரோட்ஸிலிருந்து மகன் லிகோன் வணங்கி எழுதுவது. நீங்களும் சித்தியும் சுகம்தானே? நானும் சுகம். தொண்டை மட்டும் கரகரக்கிறது. அதற்குக் காரணம் நீங்கள்தான்.

பேச்சுப் பள்ளியில் எங்களுக்கு ஒரு கற்பனை வழக்கு கொடுத்தார்கள். இரண்டாம் மனைவியோடு ஒத்துப்போகாத மகனைத் தந்தை வீட்டைவிட்டு அனுப்பிவிடுகிறார், அது நியாயமா? நேற்று நான் தந்தை தரப்பு. உங்களைப் போலவே மூன்று முறை செருமி, எனக்கு இல்லாத தாடியை நீவிக்கொண்டு, "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்டா" என்றேன். வகுப்பே வயிறு வலிக்கச் சிரித்தது.

"எங்கடா கத்துக்கிட்ட இதை?" என்றார் ஆசிரியர்.

"வீட்டுலயே ஒரு வாத்தியார் இருந்தாருங்கய்யா. என்னைக் கப்பல் ஏத்துற வரைக்கும்."

முதல் நாள் வாதாடியதை மறுநாள் அதே வாயால் மறுக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். இன்று மகனுக்காக எழுந்து நின்றேன். ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"என்னடா, அப்பன் சொன்னதே சரின்னு ஆயிடுச்சா?" என்று பக்கத்தில் இருந்த சக மாணவன் பியோன் கத்தினான். ஆசிரியர் பத்து நாள் தவணை தந்திருக்கிறார்.

தொண்டைக்குக் கொஞ்சம் தேன் அனுப்புங்கள். குளிருக்கு மேலாடை அனுப்பினால் பழைய அளவு வேண்டாம். நீங்கள் பார்த்ததைவிட ஒரு சாண் வளர்ந்துவிட்டேன். கப்பல்காரர் அவசரப்படுத்துகிறார். அந்த மகனை ஏன் வீட்டுக்குத் திரும்ப அழைக்க வேண்டும் என்பதற்கு உங்களுக்கு ஒரே ஒரு காரணம் தோன்றினாலும் எழுதுங்கள். பாடத்துக்காகத்தான் கேட்கிறேன்.

லிகோன்