என்னை நானே திட்டக்கூடாது என்ற லாத்தாவுக்கு

என் பிரியமான லாத்தா,

பாலிங்கில் இப்போது மழை. உங்கள் கடையில் மத்தியானமானால் மீ கோரிங் நூடுல்ஸ் வறுக்கும் வாசம் இன்னும் தெருவரைக்கும் வருகிறது. கரண்டி உங்கள் மகள் நஸ்ரின் கையில். காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் போடுகிறாள். நீங்கள் இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நான் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

நாம் பழகியது கீமோ வார்டில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். இரண்டு பேருக்கும் மார்பகப் புற்றுநோய். நான் பாடாங் மேஹாவிலிருந்து வந்த ஃபேக்டரிக்காரி, நீங்கள் பாலிங் கடைக்காரர். முதல் நாள் உங்களை அக்கா என்றேன். "எங்க வீட்டுல லாத்தான்னுதான் கூப்பிடுவோம். நீயும் அப்படியே கூப்பிடு லா," என்றீர்கள். அன்றிலிருந்து அதுதான்.

மருந்து ஏறும் நேரத்தில் வார்டு நர்ஸ், ஒரு மலாய்க்கார மிஸி, வந்து மூச்சைக் கவனிக்கச் சொல்லித்தருவார். எனக்குக் கண்ணை மூடினாலே குமட்டும்; அறுவை செய்த இடம்தான் நினைவில் நிற்கும். அதைச் சொன்னபோது மிஸி கோபிக்கவில்லை. மூச்சு வேண்டாம், பாதம் தரையில் படுவதை மட்டும் உணர்ந்து பார் என்றார். எனக்கு முந்தி நீங்கள் செருப்பைக் கழற்றினீர்கள். தரை ஐஸ் மாதிரி இருக்கிறது என்று சிரித்தீர்கள். நானும் கால் வைத்தேன். பயம் போகவில்லை. ஆனால் பயத்தோடு உட்கார முடிந்தது.

வீட்டுக்குப் போனால் கதை வேறு. கட்டி தட்டுப்பட்டும் ஓவர்டைம், பிள்ளைக்குப் பரீட்சை என்று தள்ளிப்போட்டவள் நான். இது எனக்கு வேண்டியதுதான் என்று உள்ளுக்குள் ஓயாத திட்டு. அடுத்த கீமோவுக்கு வரமாட்டேன் என்று ஒரு நாள் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் கடையைச் சாத்திவிட்டு, நஸ்ரினைக் கார் ஓட்டச் சொல்லி, என் வீட்டுக்கே வந்துவிட்டீர்கள். முக்காட்டுக்குள் உங்கள் முகம் மருந்தில் கறுத்துப்போயிருந்தது.

நான் சொன்னதையெல்லாம் கேட்டீர்கள். பிறகு உங்கள் கதையைச் சொன்னீர்கள். நீங்களும் தள்ளிப்போட்டவர்தானாம். நோன்பு மாதம், வியாபாரம் அதிகம், பெருநாள் முடியட்டும் என்று.

"இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. உனக்கு இது வேணும், செத்தாலும் தப்பில்லன்னு சொல்லு."

அழுதேன்.

"எனக்குச் சொல்ல மனசு வரலல்ல? அப்ப உனக்கு மட்டும் ஏன் சொல்ற?"

கீமோவுக்கு வந்தேன். திட்டு ஒரே நாளில் நிற்கவில்லை. அது வரும்போதெல்லாம் நெஞ்சில் கை வைத்து, இதை லாத்தாவிடம் சொல்வேனா என்று கேட்டுக்கொள்வேன்.

பிறகு உங்களுக்கு ஈரலுக்குப் பரவியது. கடைசியாகப் பார்க்க வந்தபோது நஸ்ரினை வெளியே அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். எல்லாருக்கும் தைரியம் சொன்ன எனக்கே இவ்வளவு பயமா என்று வெட்கமாக இருக்கிறது என்றீர்கள்.

"பயந்தா பயந்துட்டுப் போங்க லாத்தா. நான் இங்கதான் இருக்கேன்."

வேறு என்ன சொல்லத் தெரியும் எனக்கு? வெகுநேரம் அழுதீர்கள். அப்புறம் சுடுதண்ணீர் கேட்டு, மிடறு மிடறாகக் குடித்தீர்கள். சூடு உள்ளே இறங்குவது நன்றாக இருக்கிறது என்றீர்கள். அந்த நேரத்தில் பயம் கொஞ்சமாவது தள்ளி நின்றதா, லாத்தா?

ஒரு செய்தி சொல்ல வேண்டும். போன வாரம் என் அக்குளில் சின்னதாக ஒரு வீக்கம். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். ஊசி வைத்துச் சோதனைக்குச் சதை எடுத்திருக்கிறார்கள். முடிவு வியாழக்கிழமை. பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

நஸ்ரினுக்குத் தெரிய வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தாயைப் பறிகொடுத்த பிள்ளை, மறுபடி அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டுமா? ஆனால் போனில் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். உங்கள் கூடப்பிறந்தவளைக் கூப்பிடுவதுபோல என்னையும் சாச்சி என்றுதான் கூப்பிடுகிறாள்.

"சாச்சி, வியாழக்கிழமை கடை லீவு. நான் கூட வர்றேன்."

வேண்டாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சரிம்மா என்றேன்.

முடிவு எதுவானாலும் தனியாகச் சுமக்கமாட்டேன், லாத்தா. பயம் வந்தால் அவள் எதிரிலேயே பயப்படுவேன். அவளுக்கு அழுகை வந்தால் என் தோளைக் கொடுப்பேன். இது உங்களுக்கு என் வாக்கு.

உங்கள் தங்கச்சி,
நஸ்ரினின் சாச்சி,
கலா