ஞாயிற்றுக்கிழமை லொகேஷன்

ஆவடி
1 ஜூன் 2024

அருள்மொழியின் அப்பாவுக்கு,

இங்கே நலம். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதி, பாப்பாவின் துணிப்பையில் வைத்திருக்கிறேன்.

நாம் பிரிந்திருந்தாலும் ஞாயிறுதோறும் அவள் உங்களோடு இருக்கட்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் உங்களிடம் இருக்கும்வரை உங்கள் போன் லொகேஷனை எனக்கு ஷேர் செய்யுங்கள். சந்தேகமில்லை. ஆறு வயதுப் பிள்ளை, முதல் தடவை என்னை விட்டு வருகிறாள். திரும்பக் கொண்டுவந்து விட்டதும் நிறுத்திவிடலாம். சம்மதமா?

கிருஷ்ணப்பிரியா

காட்டுப்பாக்கம்
2 ஜூன் 2024

பிரியாவுக்கு,

சம்மதம். படித்த உடனே போட்டுவிட்டேன், பார்த்திருப்பாய். செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். கொக்கைக் கண்டதும் அம்மாவுக்கும் காட்டணும் என்றாள். தயிர் சாதம் முழுக்கத் தின்றாள். தலை பின்னத்தான் வரவில்லை. ரப்பர் பேண்ட் போட்டு அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

செல்வகுமார்

ஆவடி
15 ஜூன் 2024

அருள்மொழியின் அப்பாவுக்கு,

லொகேஷனை நிறுத்த மறந்துவிட்டீர்கள். போன வாரமே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நிறுத்திவிடுவீர்களே என்று சொல்லவில்லை.

காலையில் மண்ணூர்பேட்டை கம்பெனிக்குப் போகிறீர்கள். வேலை முடிந்தால் நேராகக் காட்டுப்பாக்கம் ரூமுக்குப் போவதில்லை. ஒரு நாள் எங்கள் அப்பா குவார்ட்டர்ஸ் ரோடு வரைக்கும் வந்து திரும்பினீர்கள். பால்கனியில் நின்றிருந்தேன். புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியைக் காட்டியது. எந்த உரிமையில் கேட்பது என்று போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் சோறு குழைந்துபோனது. உடம்புக்கு என்ன?

கிருஷ்ணப்பிரியா

காட்டுப்பாக்கம்
16 ஜூன் 2024

பிரியா,

எனக்கு ஒன்றுமில்லை. கூட வேலை செய்யும் துலுக்கானம் மெஷினில் விரலைக் கொடுத்துவிட்டார். நான்தான் அழைத்துப் போனேன். விரல் பிழைத்துவிட்டது.

லொகேஷனை மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்தால் ரூமில் தனியாக இருப்பதுபோல் இல்லை. உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். வேண்டாமென்றால் நிறுத்திவிடுகிறேன்.

செல்வகுமார்

ஆவடி
22 ஜூன் 2024

உங்களுக்கு,

படித்துவிட்டு அழுதேன். ஆனாலும் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் அம்மா என் தட்டைப் பார்த்து, "சம்பாதிக்காதவளுக்கு வேளா வேளைக்கு சோறு கேக்குது" என்றபோது நீங்கள் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர் பேசியதற்காக நான் கிளம்பி வரவில்லை. நீங்கள் பேசாததற்காக வந்தேன். இப்போது நீங்களும் அந்த வீட்டை விட்டுத் தனியாக ரூம் எடுத்துவிட்டீர்கள். அதைக்கூடப் போனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நாளை பாப்பாவைக் கொண்டுவந்து விடும்போது மாடி ஏறி வாருங்கள். வா என்று ஒரு வார்த்தை, வாயால் சொல்லுங்கள். துணி எடுத்து வைக்க எனக்கு அதிக நேரமாகாது.

பிரியா

ஆவடி
13 ஜூலை 2024

அருள்மொழியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்த அன்றே லொகேஷனை நிறுத்திவிட்டீர்கள். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் வந்தீர்கள், கேட்டோடு நின்றீர்கள். போன வாரம் நானே கீழே இறங்கி வந்து பக்கத்தில் நின்றேன். "தண்ணி பாட்டில் எடுத்துக்கினாளா?" என்று கேட்டீர்கள். எடுத்துக்கொண்டாள் என்றேன். வண்டியைக் கிளப்பிவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை வக்கீலிடம் போய் விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் மேல் கோபமில்லை. பாப்பாவுக்கு நீங்கள் நல்ல அப்பா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் லொகேஷன் போடுங்கள், அவள் வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

சாயங்காலமானால் இன்னும் கை தானாகப் போனை எடுக்கிறது. கொஞ்ச நாளில் சரியாகிவிடும்.

கிருஷ்ணப்பிரியா