லீலாமணி சேச்சியின் மதியத் தூக்கம்

ஜூன் 10, செவ்வாய்

புது வாட்ச் வந்துவிட்டது. என் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் பிந்தி என் கணவர் விபினேட்டன் வாங்கித் தந்தது. அடி எண்ணும் பழைய கைப்பட்டையை, மைத்ரியைப் பார்த்துக்கொள்ள வரும் லீலாமணி சேச்சிக்குக் கட்டிவிட்டேன். போன வாரம் ஹெல்த் சென்டரில் சர்க்கரை இருநூற்றுப் பத்து என்று சொல்லி, தினமும் ஆறாயிரம் அடி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். "ஆறாயிரத்தை யாரு மோளே எண்ணறது? ஐந்நூறுக்கு மேல எனக்கு விட்டுப்போயிடும்."

சேச்சியிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ஆப் என் போனிலேயே இருக்கிறது. சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வந்ததும் எண்ணிக்கையைப் படித்துச் சொல்ல வேண்டும். இன்று 4,310.

"மைத்துவைத் தூக்கிட்டு நடந்தா ரெண்டா எண்ணாதா?"

"எண்ணாது சேச்சி."

"அப்போ இதுக்குக் குழந்தை இல்ல."

ஜூன் 12, வியாழன்

மைத்ரிக்குப் பத்து மாதம் முடிந்தது. கீழ்ப்பல் இரண்டும் முழுசாக வந்துவிட்டன. கண்டதையெல்லாம் கடிக்கிறாள்.

சேச்சியிடம் இன்று மறுபடி சொன்னேன், மூன்றாவது முறை. மதியம் தொட்டிலில் போட்டுத்தான் தூங்க வைக்க வேண்டும், கையில் தூங்கிப் பழகக் கூடாது. பழகிவிட்டால் பிறகு மாற்றவே முடியாது என்று அம்மாக்கள் குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள். சேச்சி "சரி மோளே" என்றார். எனக்குத்தான் குரல் கொஞ்சம் கூடிப்போனது. இரண்டு பிள்ளைகளை வளர்த்தவரிடம் நான் பாடம் எடுக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

கூட்டத்தின் நடுவில் போன் அதிர்ந்தது. "அருமையான மதியத் தூக்கம்! 1:08 முதல் 2:03 வரை. 55 நிமிடம்."

என் கையில் இருப்பது புது வாட்ச். தூங்கியது யார் என்று புரிய அரை நிமிடம் ஆனது.

ஜூன் 18, புதன்

இன்றும். 1:11 – 2:05.

இதை யார் கேட்டார்கள்? எனக்கு வேண்டியது அடிக் கணக்கு மட்டும். ஆப்பில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். தூக்கத்தை நிறுத்த வழியே இல்லை. முகப்பிலிருந்து மறைக்கலாம், அவ்வளவுதான். உள்ளே அது எழுதிக்கொண்டேதான் இருக்கும். நிறுவனத்துக்கு எழுதினேன். "உங்கள் முழுமையான நலனுக்காகவே இந்த வசதி" என்று பதில். என் புது வாட்சும் அப்படித்தான், காலையில் கண் திறந்ததும் "தூக்கம்: மோசம்" என்கிறது. அது எனக்குத் தெரியாதா?

முகப்பிலிருந்து மறைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

மறைத்ததை நானே திறந்து பார்த்தேன். வியாழன் 52 நிமிடம். இன்று 57.

ஜூன் 23, திங்கள்

ஒரு மணி ஆனால் கை தானாகப் போனுக்குப் போகிறது. மைத்து இப்போது தொட்டில் கம்பியைப் பிடித்து நிற்கிறாள். பால்கனிக் கதவைத் தள்ளத் தெரியும். நாங்கள் இருப்பது ஒன்பதாவது மாடி. அவள் விழித்து, சேச்சி விழிக்காமல் இருந்தால்?

விபினேட்டனிடம் சொன்னேன். சிரித்தார். "குழந்தை தூங்கறப்ப அவங்களும் கொஞ்சம் கண்ணசந்தா என்னடீ? கேமரா வெக்கலாம்னு நான் சொன்னப்ப, வேலைக்கு வர்றவங்களைத் திருடி மாதிரி பாக்கக் கூடாதுன்னு பிரசங்கம் பண்ணினது யாரு?"

நான்தான்.

சாயங்காலம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "மதியம் கொஞ்சம் படுத்தீங்களா சேச்சி?"

"எங்க மோளே, கண்ணே மூடல."

முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். நானும் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஜூன் 24, செவ்வாய்

கேட்டேன். "மூடல மோளே." போனில் 54.

ஜூன் 25, புதன்

கேட்டேன். அதே பதில். 58. பதில் தெரிந்துகொண்டே கேட்பதற்கு என்ன பெயர்?

ஜூன் 27, வெள்ளி

இதை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

காலையில் நான் கிளம்பும்போது மைத்து அழுவதில்லை. கையாட்டுகிறாள். சாயங்காலம் சேச்சி செருப்பு போடும்போதுதான் அழுகிறாள். லிஃப்ட் கதவு மூடியபிறகும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் தூக்கினால் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறாள்.

"அம்மே" என்று முதலில் அவள் சொன்னது சேச்சியைப் பார்த்து. சேச்சி பதறிப்போய், "அம்மை அங்க, அங்க" என்று என்னைக் காட்டினார். நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

என்ன நடந்ததோ அதை அப்படியே எழுதுகிறேன்.

வந்து பார்த்தால் மைத்துவின் நெற்றியில் சிவந்து ஒரு வீக்கம். புளியங்கொட்டை அளவுதான். பதினோரு மணிக்கு டிவி மேசையைப் பிடித்து நிற்கப் போய் இடித்துக்கொண்டாள் என்று சேச்சி சொன்னார். "பக்கத்துலதான் இருந்தேன். எட்டறதுக்குள்ள முட்டிட்டா. ஐஸ் வெச்சேன்."

"பதினோரு மணிக்கா, ஒரு மணிக்கா?"

சேச்சிக்குப் புரியவில்லை. "பதினொண்ணுக்கு மோளே."

"ஒரு மணிக்கு நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

"நானா?"

"தினமும் தூங்கறீங்க. தினமும் கேக்கறேன், தினமும் இல்லைங்கறீங்க." போனை முகத்துக்கு நேராக நீட்டினேன். பதினொரு நாட்கள், வரிசையாக, நீல நிறக் கட்டங்கள்.

சேச்சி போனைப் பார்த்தார். அப்புறம் தன் கையைப் பார்த்தார். மெதுவாகத்தான் கேட்டார்: "இது நடக்கறதைத்தானே எண்ணும்னு சொன்னே?"

நான் என்ன சொன்னேன்? "குழந்தையை நம்பி விட முடியல" என்று சொன்னேன். "நாளைக்கு வர வேண்டாம்" என்றும் சொன்னேன். விபினேட்டன் வரும்வரைகூட நான் பொறுக்கவில்லை.

சேச்சி ஏதோ சொல்ல வாய் திறந்தார், தொட்டிலைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பட்டையைக் கழற்றி, குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவி, துடைத்து, ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார். "ஆப்பிள் வேக வெச்சது கிண்ணத்துல இருக்கு. ஆறிப்போறதுக்குள்ள குடுத்துடு." மைத்துவைத் தொடவில்லை. தொட்டால் அழுவாள் என்றுதான் தொடாமல் போயிருக்க வேண்டும். எப்படியும் அழுதாள்.

பட்டையில் சின்னச் சின்னப் பல் தடங்கள். கடிக்க விட்டிருக்கிறார் பார், என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

ஜூலை 2, புதன்

லீவு. மதியம் தொட்டிலில் போட்டேன். நாற்பது நிமிடம் கத்தினாள். தூங்கவில்லை.

விபினேட்டன் "வேற ஆளு பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 3, வியாழன்

இன்றும் தூங்கவில்லை. வேலை நாட்களில் மதியத் தூக்கம் சேச்சியின் பொறுப்பு. சனி, ஞாயிறு பெரும்பாவூர் குடும்ப வீட்டுக்குப் போகும் வழியில் காரிலேயே தூங்கிவிடுவாள். என் மகள் மதியம் எப்படித் தூங்குகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து மாதக் குழந்தையின் அம்மா எழுதும் வரியா இது?

ஜூலை 4, வெள்ளி

தோற்றுப்போய்த் தரையில் பாய் விரித்துப் படுத்தேன். ஒரு மணி இருக்கும். மைத்து அழுகையை நிறுத்திவிட்டுத் தவழ்ந்து வந்தாள். நேராக என் இடது பக்கம் வந்தாள். வலது பக்கத்தைப் பார்க்கவே இல்லை. என் கையை இழுத்து நீட்டி, மேல்கையில் தலையை வைத்தாள். இரண்டு கையாலும் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துத் தன் பக்கம் மடக்கி, வாட்சின் பட்டையை வாயில் வைத்துக் கடித்தாள். இரண்டு நிமிடத்தில் கடி தளர்ந்தது. தூங்கிவிட்டாள்.

நான் அசையவில்லை. கொஞ்சம் உருவினாலே புருவம் சுருங்குகிறது. கை மரத்தது, அப்புறம் எரிந்தது, அப்புறம் கை இருப்பதே தெரியவில்லை. காதருகே ஒரு கொசு. சமையலறையில் போன் அடித்து ஓய்ந்தது. மழை சாய்ந்து வந்து பால்கனியில் காயப்போட்ட துணியெல்லாம் நனைவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். ஒரு நொடிகூடக் கண் மூடவில்லை. மூடினால் கை தளர்ந்து அவள் தலை தரையில் படுமோ என்று பயம்.

அவள் விழித்ததும் எழுந்தேன். வாட்ச் அதிர்ந்தது.

"அருமையான மதியத் தூக்கம்! 51 நிமிடம்."

ஃப்ரிட்ஜின் மேலிருந்து பழைய பட்டையை எடுத்துப் பார்த்தேன். இரண்டிரண்டாகப் பல் தடங்கள், எல்லாம் ஒரே இடத்தில். பதினொரு மதியங்கள்.

கையில் தூங்க வைக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னவள் நான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்திருக்கிறார். அப்போது தொட்டிலைப் பார்த்தாரே.

நான் என்ன மனுஷி?

ஜூலை 5, சனி

சேச்சியின் ஊரான பட்டிமற்றம் போனோம். விபினேட்டன் காரிலேயே இருந்துகொண்டார். "நீ பேசினே, நீயே போய்ப் பேசு."

சேச்சி பின்வாசலில் பலாக்கொட்டைக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். மைத்து என் இடுப்பிலிருந்து குதிக்கப் பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டார்.

"நீ இங்க வந்தது உன் வாட்சுக்குத் தெரியுமா மோளே?"

கழற்றி வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன். நேற்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். கொசுவைப் பற்றிக்கூடச் சொன்னேன்.

"கை மரத்துப் போச்சில்ல?" சேச்சி சிரித்தார். "எனக்கு முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸுல கம்பியைப் பிடிக்க வரல."

"அன்னிக்கே ஏன் சொல்லல சேச்சி?"

"என்னன்னு சொல்ல? தூங்கலேன்னா, அப்ப என்ன பண்ணினேன்னு கேப்ப. கையில போட்டிருந்தேன்னா, சொன்ன பேச்சு கேக்கலேம்ப. ரெண்டுல எந்தக் குத்தத்தை எடுத்துக்கறது?" மைத்துவை மடிக்கு மாற்றிக்கொண்டார். "தொட்டில்ல போட்டுப் பாத்தேன் மோளே. நாலு நாள். தொண்டை கட்டற வரைக்கும் கத்தினா. நீ ஆபீஸ்ல இருக்க, உனக்குக் கேக்காது. எனக்குக் கேக்குமில்ல."

மைத்து சேச்சியின் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். வெறும் கை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

திரும்பி வரச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். சேச்சி பாலில்லாத கட்டன் சாயா போட்டுத் தந்துவிட்டுத்தான் பதில் சொன்னார். திருக்காக்கரையில் ஒரு டீச்சர் வீடு, படுத்த படுக்கையான அவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், திங்கள் முதல். "வாக்கு குடுத்துட்டேன். அந்தம்மா அசையறதே இல்லையாம். உன் வாட்சுக்கு ரொம்பப் பிடிக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிளம்பும்போது கேட்டேன், "என் மேல கோபமா சேச்சி?"

"கோபம் இல்ல. தினமும் கேட்டியே, படுத்தீங்களான்னு. நான் என்னமோ அக்கறைன்னு நினைச்சேன். வீட்டுல மகள்கிட்டகூடச் சொன்னேன்."



ஜூலை 8, செவ்வாய்

இந்த மாதம் முழுக்க வீட்டிலிருந்தே வேலை. ஒரு மணியிலிருந்து இரண்டு வரை என்னைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டார். "கை காலியா இருக்காது" என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

பதினொரு நாளின் பதிவையும் அழிக்கப் பார்த்தேன். ஒவ்வொன்றாகத்தான் அழிக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் "இந்தத் தூக்கத்தை நீக்கவா?" என்று கேட்டது. பதினொரு முறை ஆம் என்றேன்.

அழித்தால் மட்டும்?

ஜூலை 14, திங்கள்

கடைத்தெருவில் தேடி ஒன்று கிடைத்தது. இடுப்பில் மாட்டுவது. நடந்தால் எண் ஏறும். போன் வேண்டாம், ஆப் வேண்டாம், வேறெதுவும் அதற்குத் தெரியாது. எண் பெரிதாகத் தெரிகிறது, கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். விபினேட்டன் போகிற வழியில் சேச்சிக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

"வேற?"

"இது யாருகிட்டயாவது பேசுமான்னு கேட்டாங்க. பேசாதுன்னேன்."

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்து மழை.

வாட்சை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஆனால் மைத்துவுக்குப் பட்டை வேண்டும், இல்லையென்றால் மணிக்கட்டைத் தேடிக்கொண்டே கிடக்கிறாள். பழைய கைப்பட்டையை நான் கட்டிக்கொள்கிறேன். சார்ஜ் ஏற்றுவதில்லை. திரை கறுப்பாகவே இருக்கிறது.

சாயங்காலம் ஆறரைக்குப் போன் வந்தது. சேச்சியின் எண். இந்தப் பதினேழு நாளில் முதல் முறை.

"ஆறாயிரத்து நாற்பது" என்றார். ஹலோகூடச் சொல்லவில்லை.

"நல்லது சேச்சி."

மறுமுனையில் பஸ் சத்தம். வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"மைத்து மதியம் தூங்கினாளா?"

"தூங்கினா."

"எதுல?"

"கையில."

"எந்தக் கை?"

"இடது."

"தலகாணி ஒண்ணை முழங்கைக்குக் கீழ வை. இல்லேன்னா தோள் போயிடும்" என்றார். "பஸ் எடுத்துட்டான், வெக்கறேன்."

வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. தலையணையைப் பாயின் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறேன்.