சத்தம் போடாதவள்

என்னங்க,

சாப்பிட்டீர்களா என்று கேட்டுத்தான் தொடங்கவேண்டும். இன்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எங்களைப் போன்ற அவசரப் பிரிவு நர்ஸுகளின் குடும்பங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் பேராசிரியை காலையில் வீட்டுக்கு வந்தார். "எங்க வாயாடிக்கு இப்ப பொறுப்பு வந்துடுச்சு மேடம், இருக்கற இடமே தெரியாது" என்று நான் பீற்றிக்கொண்டேன்.

அவர் நம் மகளிடம், "கீழ விழுந்தா அம்மாகிட்ட சொல்லுவியா?" என்று கேட்டார்.

"மாட்டேன் ஆன்ட்டி. கத்தறவங்க காத்திருக்கலாமாம். சத்தமே போடாம கிடக்கறவங்ககிட்டதான் முதல்ல ஓடணுமாம். புது நர்ஸ் அக்காங்களுக்கு அம்மா போன்ல சொல்லுவாங்க. அதான் நான் கத்தறதே இல்ல. ஆனா அம்மா இன்னும் எங்கிட்ட ஓடி வரல."

பேராசிரியை எதுவும் எழுதாமல் பேனாவை மூடிவிட்டார்.

அவர் போனதும் அவள் சட்டைக் கையை மடித்துப் பார்த்தேன். முழங்கை வீங்கியிருந்தது. பள்ளிப் படிக்கட்டில் விழுந்தாளாம். எப்போது என்று நான் கேட்கவில்லை. பழைய வீக்கம் எது என்று எனக்குத் தெரியாதா? எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

சாயங்காலம் அவள் கால்விரலைக் கதவில் இடித்துக்கொண்டாள். மூச்சுக் காட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாரி எடுத்தேன்.

கண்ணில் நீர் முட்ட, முகமெல்லாம் சிரிப்பாக என் காதில் சொன்னாள்: "நீ சொன்னது கரெக்ட்தாம்மா. சத்தம் போடலன்னா நிஜமாவே ஓடி வர்றே."

இப்படிக்கு,
வாயாடியைப் பெற்றவள்