பிளாஸ்திரிக்கு அடியில் இருந்த முகம்

அன்புள்ள ரிப்பனுக்கு,

உன் நிழலக்கா எழுதுவது. இத்தனை நாள் பழக்கத்தில் உனக்கு நான் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். நீ இருக்கும் வார்டில் போன் தர மாட்டார்கள், காகிதம் தரலாம், ஆனால் பின் அடித்திருக்கக் கூடாது என்று தம்பி சொன்னார். உன் வீட்டுக்காரரைத் தம்பி என்று சொல்லியே எனக்கு வாய் பழகிவிட்டது. அதனால் தாள்களைத் தனித்தனியாக வைத்து மூலையில் எண் போட்டிருக்கிறேன். கலைந்தால் அடுக்கிக்கொள்.

இங்கே சொல்லும்படியாக ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரருக்கு முட்டிவலி வந்து மாடிப்படி ஏறுவதற்குள் மூன்று தெய்வங்களைக் கூப்பிடுகிறார். நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் முன்பக்கக் கண்ணாடியை மாற்றினார்கள். பாஸ்போர்ட் படத்துக்கு வருபவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே அதில் தலைவாரி முடித்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் இதை உனக்குச் சொன்னால் சிரிப்பாய்.

நீ கண் விழித்ததும் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டாயாம். அக்கா ஏன் போன் பண்ணாங்க, யார் பண்ணச் சொன்னாங்க என்று. அவர் அதை மறைக்காமல் என்னிடம் சொல்லிவிட்டார். உனக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரிலேயே ஆல்பம் பக்கங்கள் ஒட்டுகிற நம் குழுவில் நீ சேர்ந்த புதிதில், நான் ஒட்டும் பூவெல்லாம் சப்பையாக இருக்கிறதே, உங்கள் பக்கத்தில் மட்டும் பறிக்கலாம் போல இருக்கிறதே என்று கேட்டிருந்தாய். முதலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு பண்ணு, பிறகு எல்லா நிழலும் அதற்கு எதிர்ப்பக்கம் விழட்டும் என்று எழுதினேன். மறுநாளே நீ ஒரு பக்கம் போட்டாய். ரிப்பனின் நிழலைத் தனி லேயராகப் பிரித்து, நடுவில் மட்டும் கொஞ்சம் வளைத்து விட்டிருந்தாய். ரிப்பன் காகிதத்தை விட்டு எழும்பி நின்றது. அது எனக்கே தெரியாத வித்தை. குழுவில் இருக்கும் டெய்லர் உனக்கு ரிப்பன் என்று பெயர் வைத்தார், எனக்கு நிழலக்கா. இல்லாத கத்தரியால் இல்லாத காகிதத்தை வெட்டி இல்லாத பசையால் ஒட்டுகிறீர்கள், இதற்கு எதற்கு இருக்கிற கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவரிடம் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது. ஆனால் உன் படம் வந்திருக்கிறதா என்று தினமும் அவர்தான் கேட்பார்.

நீ முழுகாமல் இருக்கிறாய் என்று சொன்ன அன்று நம் குழுவே வளைகாப்பு வீடு மாதிரி ஆகிவிட்டது. டெய்லர் கடையில் மிஞ்சிய துணித்துண்டுகளை ஸ்கேன் செய்து பின்னணிக் காகிதம் ஆக்கினார். நம் குழு டீச்சர் எழுத்துகள் வரைந்தாள். நான் நிழல் போட்டேன். முதல் சிரிப்பு, முதல் பல், முதல் நடை, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் என்று படம் வைக்கிற இடத்தைக் காலியாக விட்டு ஒரு ஆல்பமே செய்தோம். பிள்ளை பிறப்பதற்குள் அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டோம் என்று டெய்லர் சிரித்தார். அவர் மேல் தப்பில்லை. எல்லோரும் சிரித்தோம்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நாள் ஆவதற்கு முன்பே அவள் வந்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் கொஞ்ச நாள் இருந்தாள், போய்விட்டாள். நீங்கள் வீடு திரும்பிய பிறகு தம்பி எனக்கு ஒரு படம் அனுப்பினார். இருப்பதில் இதுதான் தெளிவாக இருக்கிறது அக்கா, குழாயையும் பிளாஸ்திரியையும் எடுத்துக் கொடுங்கள், பிள்ளை முகத்தை உங்கள் ரிப்பன் ஒரு தடவை முழுசாகப் பார்க்கட்டும் என்றார். என் தொழிலே அதுதானே. பருவை எடுப்பேன், தழும்பை எடுப்பேன், கசங்கிய காலரை நேராக்குவேன். சரி என்றேன். யோசிக்கவே இல்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மூக்கிலிருந்து இரண்டு காதுவரை பிளாஸ்திரி. வாயில் குழாய். தலையில் தொப்பி. நெற்றியும், மூடிய கண்களும், தாடையில் ஒரு ஓரமும்தான் அவளுடையதாக வெளியே தெரிந்தன. தழும்பை எடுத்தால் அடியில் தோல் இருக்கும். இங்கே பிளாஸ்திரியை எடுத்தால் அடியில் ஒன்றுமே இல்லை. அந்த இடத்தை யாரும் படம் பிடிக்கவில்லை. நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

செய்தேன். பெட்டிக்குள் எரிந்த நீல வெளிச்சத்தை முதலில் எடுத்தேன். அவள் நிறம் மெல்ல மேலே வந்தது. நெற்றித் தோலையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். மூக்குக்கு உன் சின்ன வயதுப் படத்தைப் பார்த்துக்கொண்டேன், அம்மா இடுப்பில் நீ அழுதுகொண்டிருப்பாயே, அந்தப் படம். மேலுதடு தம்பியுடையது. ஸ்டுடியோ விட்டு வந்ததும் அதுவே வேலையாக இருந்தேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். எப்போதும் ஏதாவது கிண்டல் வரும். அன்று தூங்குது போல என்று மட்டும் சொன்னார். போய் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இருவரும் மெதுவாகத்தான் பேசினோம். இந்த வீட்டில் அப்படி மெதுவாகப் பேசுவதற்கு எங்களுக்கு ஒரு காரணம் இதுவரை அமைந்ததில்லை.

தம்பி அதை அச்சடித்து உன் கையில் கொடுத்தார். இது யார் பிள்ளை என்று கேட்டாயாம். என் பிள்ளை பிளாஸ்திரியோடதான் இருந்தா, அப்படித்தான் எனக்கு அவளைத் தெரியும், இப்போ அதையும் பிடுங்கிட்டீங்க என்றாயாம். அதற்குப் பிறகு, கண் விழித்துக் கேட்ட அந்த ஒன்றைத் தவிர, அவரிடம் நீ பேசவில்லை. நம் குழுவிலும் எழுதவில்லை.

நீ சொன்னது சரி. உனக்கு முகம் கொடுப்பதாக நினைத்து, உன்னிடம் இருந்த முகத்தைக் கெடுத்தேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மத்தியான நேரம். ஸ்டுடியோவில் யாரோ ஒருவரின் படத்தில் மூக்குக்கண்ணாடியில் விழுந்த வெளிச்சத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குழுவில் உன் செய்தி வந்தது. என் ஃபோல்டர்கள் எல்லாம் இந்த லிங்க்கில் இருக்கின்றன, யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இனித் தேவைப்படாது. உடனே டீச்சர் நன்றி சொன்னாள். டெய்லர் கைகூப்பும் படம் போட்டார். புதிதாக வந்த பெண், லேஸ் எல்லாம் இதில் இருக்கிறதா என்று கேட்டாள். இத்தனை நாளுக்குப் பிறகு நீ பேசிவிட்டாய் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

லிங்க்கைத் திறந்தேன். நீ பெயர் வைக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். புதுசு, புதுப்புதுசு, கடைசி, உண்மையான கடைசி என்றுதான் உன் ஃபைல்கள் இருக்கும். அன்று எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தாய். பூக்கள் தனி, காகிதங்கள் தனி, எழுத்துகள் தனி. வாடகை வீட்டைக் காலி பண்ணுகிறவர்கள் கூட்டிப் பெருக்கிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்களே, அப்படி இருந்தது. கடைசியில் அந்த ஆல்பத்தையும் வைத்திருந்தாய். காலிச் சட்டங்களோடு, அப்படியே. அதையும் யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருந்தாய்.

உனக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. தம்பிக்குச் செய்தேன். வேலை நேரத்தில் அவர் போனை லாக்கரில் வைத்துவிடுவார் என்று நீ எப்போதோ சொன்னது அப்புறம்தான் நினைவு வந்தது. பாஷையே தெரியாத உங்கள் ஊரில் எனக்கு வேறு யாரைத் தெரியும்? அவர் பிறந்தநாளுக்கு நீ ஒரு பக்கம் செய்தாயே, வேலைச் சட்டையோடு நிற்பார். அதை எடுத்துப் பெரிதாக்கினேன். சட்டைப் பையின் மேல் கம்பெனி பெயர் தைத்திருந்தது. பாதியை உன் ரிப்பன் மறைத்திருந்தது. மீதியை வைத்துத் தேடி நம்பரைப் பிடித்தேன். எடுத்த பெண்ணுக்கு என் மொழி தெரியவில்லை, அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. தம்பியின் பெயரையும், வீடு, வீடு என்று அவள் மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஸ்டுடியோவில் படத்துக்கு உட்கார்ந்திருந்தவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தாள். அவர் வீட்டுக்கு ஓடிக் கதவை உடைத்தார். அதற்குமேல் நான் எழுதத் தேவையில்லை.

ஏன் போன் பண்ணாங்க என்று கேட்டாய். காலம் ஆற்றும் என்று சொல்ல மாட்டேன். இன்னொன்று பிறக்கும் என்று சொல்கிறவர்களை உன் பக்கத்தில் விடாதே என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். நீ இல்லாமல் போவதை என்னால் தாங்க முடியாது. அதுதான் காரணம். என் சுயநலம்தான். அதற்காக நீ என்னைத் திட்டலாம்.

குழு இப்போது குழுவாக இல்லை. டீச்சர் உன் லிங்க்கிலிருந்து எடுத்ததையெல்லாம் அழித்துவிட்டு, நன்றி என்று எழுதினேனே என்று எனக்கு போன் போட்டு அழுதாள். யாரும் பக்கம் போடுவதில்லை. நானும் வீட்டில் கம்ப்யூட்டரைத் திறப்பதில்லை. போன வாரம் ஒரு தாய் கைக்குழந்தையோடு பாஸ்போர்ட் படத்துக்கு வந்தாள். குழந்தை கண் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. அது தூங்கிவிட்டது. அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தாள். நான் முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றுகொண்டேன்.

உன் போனிலிருந்து அவள் படங்களை எல்லாம் அழித்துவிட்டாய் என்று தம்பி சொன்னார். அவர் போனில் இருந்ததையும் நீயே அழித்தாயாம். அவர் எனக்கு அனுப்பிய அந்த ஒன்று என்னிடம் பத்திரமாக இருக்கிறது. குழாயோடு, பிளாஸ்திரியோடு, அந்த நீல வெளிச்சத்தோடு. ஒரு புள்ளிகூட நான் தொடவில்லை. இப்போது அனுப்ப வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ எப்போது கேட்கிறாயோ அப்போது தருவேன். பத்து வருஷம் கழித்துக் கேட்டாலும் தருவேன்.

நான் செய்த அந்த இன்னொரு முகத்தை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கை வரவில்லை. அது உன் பிள்ளை இல்லை என்று நீ சொல்லிவிட்டாய். வேறு யாருக்கும் அது பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் இருக்கட்டுமா? வேண்டாம் என்றால் சொல், எடுத்துவிடுகிறேன். உன்னைக் கேட்காமல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

தம்பியிடம் பேசு. பேச முடியாவிட்டால் அவர் பக்கத்தில் உட்காரும்போது முகத்தையாவது திருப்பிக்கொள்ளாதே. அந்த மனிதர் வேலைக்கும் போகாமல் வார்டு வாசலில் பெஞ்சில் கிடக்கிறார். சாப்பிட்டாயா என்று நான் கேட்டால் பொய் சொல்கிறார்.

நன்றாக இரு என்று எழுதி முடிப்பதுதான் வழக்கம். அவ்வளவு பெரிய விஷயத்தை உன்னிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. முதல் வார்த்தையை விட்டுவிடுகிறேன், தாயே.

இரு.

உன் அக்கா