ஜெயவேலின் சுபாவம்

ஜூன் 11, புதன்
எண்ணூர் சாலையில் லாரிகள் நகரவில்லை. கண்டெய்னர் யார்டுக்குத் தாமதமாகப் போனேன், யாரும் திட்டவில்லை. நேற்று கண்டெய்னர் மேலிருந்து விழுந்த கூலியாள் ஜெயவேல் விடிகாலையில் இறந்துவிட்டார் என்று செக்யூரிட்டி சொன்னார். சரி என்றேன். உள்ளே போய் ஃபேனைப் போட்டேன். இதற்குப் போய் சரி என்றா சொல்வார்கள்?

ஜூன் 12, வியாழன்
மேனேஜர் ஃப்ரெடி விபத்து ரிப்போர்ட் எழுதச் சொன்னார். ஆபீஸில் இங்கிலீஷ் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். ஏணி பொங்கலுக்கு முன்பே உடைந்துவிட்டது. அதிலிருந்து ஆட்கள் கண்டெய்னர் கதவுக் கம்பியைப் பிடித்துத்தான் மேலே ஏறுகிறார்கள். அதை எழுதியிருந்தேன். எடுக்கச் சொன்னார்.

"ஏணி கதையெல்லாம் எதுக்கு செல்வி? 'இட் ஈஸ் ஹியூமன் நேச்சர் டு டேக் ஷார்ட்கட்ஸ்'னு போடு. டீசன்ட்டா இருக்கும். யாரையும் குத்தம் சொன்ன மாதிரியும் இருக்காது."

அப்படியே டைப் அடித்தேன். செத்தவரைத் தவிர யாரையும் குற்றம் சொல்லாத வரி. அவர் தப்பு என்று முடிந்தால் அவர் மனைவி குப்பம்மாவுக்கு நஷ்ட ஈடு கிடையாது என்று கம்பெனி கையை விரித்துவிடும். கோபம் வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி
ஒன்றுமில்லை.

ஜூன் 14, சனி
ஜெயவேலின் சாப்பாட்டு டப்பாவை வாங்கிப்போகக் குப்பம்மா வந்தார். "அவரப் பத்தி இன்னாம்மா எழுதிகீற?" என்றார். சுலபமா வேலைய முடிக்கப் பாக்குறது மனுஷ சுபாவம்னு எழுதியிருக்கு என்றேன்.

டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார்.

"அவுருக்கு ஒசரம்னாலே பயம்மா. வூட்டு மொட்ட மாடிக்கு துணி எடுக்கக்கூட ஏறமாட்டாரு, நான்தான் போவேன். அதான் அவுரு சுபாவம். ஏறிகீறாருன்னா, எவனோ ஏறுடான்னு சொல்லிகீறான்."

எவனோ இல்லை. அன்னைக்கு ஜன்னல் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன் — "என்னய்யா யோசிச்சுகினு நிக்கிற, ஏறு"ன்னு ஃப்ரெடி சார் கத்தினது எனக்குக் கேட்டுச்சே!

ஜூன் 16, திங்கள்
சார் வருவதற்குள், இன்னும் அனுப்பாத ரிப்போர்ட்டிலிருந்து அந்த வரியை எடுத்தேன். உடைந்த ஏணி, கதவுக் கம்பி, ஏறச் சொன்னவர் பெயர், எல்லாம் எழுதி ஹெட் ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன். பயமும் வரவில்லை. இது தைரியமா? தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்
நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார் சார். விசாரணைக்கு மட்டும் வர வேண்டுமாம்.

ஜூன் 23, திங்கள்
விசாரணை யார்டிலேயே நடந்தது. குப்பம்மாவையும் கூப்பிட்டிருந்தார்கள். கம்பியைப் பிடித்து ஏறுவது ஒரு விஷயமே இல்லை, தினமும் நடப்பதுதான் என்று ஃப்ரெடி சார் சொன்னார். ஹெட் ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப ஒரு தடவை ஏறிக் காட்டுங்க."

சார் சிரித்தார். விசாரிக்க வந்தவர் சிரிக்கவில்லை. சார் ஷூவைக் கழற்றிவிட்டுக் கம்பியைப் பிடித்தார். ஆள் உயரம் போனதும் அப்படியே ஒட்டிக்கொண்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

குப்பம்மாதான் கிட்டே போனார்.

"பயமா இருந்தா ஏறாத சார். எறங்கு."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.